இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஆய்வு செய்யப்பட்ட தையல்கடை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஓர் அட்டவணையிலிருந்து சுட்டேன். பின்னால் யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். பள்ளிக்கூட மலர், மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள், சங்கங்களின் துணைவிதிகள் என்று யாருமே படிக்காதவற்றைப் படிப்பதுதான் என் பிழைப்பு. போன வருடம் தேசியத் தொழிலாளர் ஆய்வுப் பணியின் ஆண்டறிக்கை வந்தது. நாட்டில் உள்ள ஆலை, பட்டறை, கடை எல்லாவற்றுக்கும் போய், அங்கே வேலை செய்கிறவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா, ஒழுங்காக நடத்தப்படுகிறார்களா என்று பார்ப்பதுதான் அந்தப் பணியின் வேலை. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு கிளை அலுவலகத்தின் விவரம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பதினொன்று. நிரப்பப்பட்டவை ஒன்று. ஓராண்டில் நடந்த ஆய்வுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆய்வு செய்யப்பட்ட தொழிலகங்கள் ஒன்று.

அச்சுப்பிழை என்று நினைத்துத் தலைமையகத்துக்குப் போன் செய்தேன். புள்ளிவிவரப் பிரிவு அதிகாரி எடுத்தார்.

"எண்ணெல்லாம் நீங்க பாக்க வேண்டாம் சார். எங்கயாவது ஒற்று விட்டுப்போயிருக்கான்னு மட்டும் பாருங்க."

பார்த்தேன். அந்தப் பக்கத்தில் இரண்டு இடங்களில் விட்டுப்போயிருந்தது. போட்டேன். அறிக்கை அச்சாகிவிட்டது.

அந்த ஒரே ஆள் யார், அந்த ஒரே தொழிலகம் எது, ஏன் திரும்பத் திரும்ப அங்கேயே போனார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இனி வருவது முழுக்க நான் கட்டியது. கேட்க வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டவன் இப்போது கதை எழுத வந்துவிட்டான் என்று நீங்கள் நினைத்தால், அது நியாயம்தான்.

2

மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வாளர் தன் குடையை

[வேண்டாம். அடுத்து என்ன என்று தெரியாதபோதெல்லாம் நான் மழை பெய்ய விடுகிறேன்.]

ஐம்பதைத் தாண்டிய ஆய்வாளர், மீசையை நீவிவிட்டபடி, பதினொரு நாற்காலிகளில் எதில் உட்காரலாம் என்று

[இந்த இடத்தில் என் மனைவி தாளைப் பிடுங்கிப் படித்தாள். "ஆம்பளையா? ஆம்பளையா இருந்தா பதினோரு பேர் வேலைய ஒருத்தரா பாத்துட்டு உக்காந்திருக்க மாட்டார். ரெண்டாம் நாளே மாத்தல் வாங்கிட்டுப் போயிருப்பார்" என்றாள். யோசித்துப் பார்த்தேன். மீசையை எடுத்துவிட்டேன்.]

3

ஆய்வாளர் ஒன்பதரைக்கு அலுவலகத்தைத் திறப்பார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட பெண்மணி, வயது நாற்பத்திரண்டு, அண்ணன் வீட்டில் இருக்கிறார். பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, தூசி தட்டிவிட்டு, அன்றைய முதல் வேலையாக ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். "இவ்வலுவலகத்தின் காலியிடங்கள் பத்தும் இன்றும் காலியாகவே உள்ளன என நேரில் பார்த்து உறுதி செய்கிறேன்."

நேரில் பார்த்து என்றால் நேரில் பார்க்கத்தான் வேண்டும். ஒவ்வொரு நாற்காலியாகப் போய்ப் பார்ப்பார். ஒரு நாள் எழுத்தரின் நாற்காலியில் ஒரு பூனை சுருண்டு கிடந்தது. பொய் எழுதிப் பழக்கமில்லாதவர், "ஒன்பது" என்று எழுதினார். புதிதாகச் சேர்ந்தவரின் கல்வித்தகுதியைக் கேட்டுத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது.

முன்பு பன்னிரண்டு பணியிடங்கள் இருந்தன. அவற்றில் ஒரு காலியிடத்தை நிர்வாகக் காரணங்களுக்காக வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஆய்வாளர் அந்த நாற்காலியை லாரியில் ஏற்றி அனுப்பினார். காலியிடம் நல்லபடியாகப் பணியில் சேர்ந்துவிட்டதாக அங்கிருந்து பதில் வந்தது.

மீதிப் பத்துக்கும் கூடுதல் பொறுப்பு அவருக்கே. மூத்த ஆய்வாளர் என்ற முறையில் பச்சை மையில் தனக்குத் தானே விளக்கம் கேட்பார். ஆய்வாளர் என்ற முறையில் நீல மையில் பதில் எழுதுவார். ஒரு தடவை நீல மைப் பதில் கொஞ்சம் சூடாக அமைந்துவிட்டது. பச்சை மை அதைக் கண்டித்தது. அன்று முழுக்க அவருக்கு மனசே சரியில்லை. இத்தனை வருடம் உழைத்ததற்கு இதுதானா மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

[என் மனைவி: "பூனை கொஞ்சம் ஓவர்." எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் விட மனசில்லை.]

4

இப்போது தையல்கடை.

தினமும் மாலை நான்கு மணிக்குள், அன்றைக்கு எத்தனை ஆய்வு என்று கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அந்த அலுவலகம் செயல்படாத அலுவலகமாகிவிடும், மறுநாளே மூடிவிடுவார்கள். பூஜ்ஜியம் என்று ஏற்றினாலோ ஐந்து பக்கத்துக்குக் காரணம் எழுத வேண்டும். "ஆள் இல்லை" என்று காரணம் சொன்னால் அது ஆள்சேர்ப்புப் பொறுப்பாளரின் விளக்கத்துக்குப் போகும். அவரும் நம் ஆய்வாளர்தான். ஒரு பூஜ்ஜியம் விழுந்தால் மூன்று நாள் அவருக்கு அவரே எழுதிக்கொண்டு கிடக்க வேண்டும். அந்த மூன்று நாளும் ஆய்வு நடக்காது என்பதால் இன்னும் மூன்று பூஜ்ஜியம்.

ஆகவே சான்றிதழுக்கும் நான்கு மணிக்கும் நடுவில், நடந்து போய்வரும் தூரத்தில், ஏதாவது ஒன்றை ஆய்வு செய்தே தீர வேண்டும். நடந்து போகும் தூரத்தில் இருந்தது எதிர்வரிசைத் தையல்கடை. அதில் தையல்காரர் ஒருவர், காஜா போடுகிறவர் ஒருவர்.

"வாங்க மேடம்," என்பார் தையல்காரர். "சம்பளப் பதிவேடு மேல இருக்கு, விபத்துப் பதிவேடு கீழ. நேத்து ஊசி குத்துனதையும் எழுதிட்டேன்."

காஜா போடுகிறவர் கேட்காமலே எழுந்து நின்று தன் வேலை நேரத்தை ஒப்பிப்பார். ஆறாவது மாதத்தில் இருவருக்கும் ஆய்வுப் படிவத்தின் நாற்பத்தாறு கேள்விகளும் மனப்பாடம்.

கடைசிக் கேள்வி வாயில்களைப் பற்றியது. ஒரு தொழிலகத்துக்குக் குறைந்தது இரண்டு வாயில்கள் வேண்டும். ஆய்வாளர் ஒவ்வொன்றையும் தாமே கடந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கடக்கும் வரை ஆய்வு முடிந்ததாகாது, ஆய்வாளரும் இடத்தை விட்டுப் போகக்கூடாது. தையல்கடைக்கு இருப்பதோ ஒரே வாசல். முதல் நாள் ஆய்வாளர் சற்றுத் தயங்கினார். பிறகு உள்ளே நுழைந்ததற்கு ஒரு குறி போட்டார். வேலை முடிந்து வெளியே வந்ததும் இன்னொரு குறி போட்டார். இரண்டு வாயில். அன்றிலிருந்து கை பழகிவிட்டது.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் இருநூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகளைத் தாண்டிய தொழிலகம் நாட்டிலேயே வேறு கிடையாது. நாட்டின் மிகப் பாதுகாப்பான தொழிலகம் என்று அதற்கு ஒரு கேடயம் தர முடிவானது. அமைச்சர் வருவதாக ஏற்பாடு.

5

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். ஆனால் கதை என்றால் யாருக்காவது எதுவாவது ஆக வேண்டும். கேடயம் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன. அதனால் ஆய்வாளரின் அண்ணியைக் கூட்டிவருகிறேன்.

அண்ணி மெத்தை செய்யும் ஆலையில் உறை தைக்கிறார். ஆலை பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, ஆலை வேன் இல்லாதவர்கள் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். உள்ளே அறுபத்து நான்கு பேர். கூரை வரை பஞ்சும் ஸ்பாஞ்சும். முன்வாசல் பக்கத்தில் பசை காய்ச்சும் அடுப்பு. பின்பக்கம் ஒரு கதவு, ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. யாரோ ஒருவர் அந்த வழியாக ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம்.

ஒரு நாள் காலையில் சமையலறையில் நின்றபடியே அண்ணி சொன்னார்.

"போன மாசம் பசை அடுப்புல தீ புடிச்சுது. சின்னதுதான், நனைஞ்ச சாக்கைப் போட்டு அணைச்சுட்டாங்க. ஆனா அதுக்குள்ள நாங்க எல்லாரும் பின்னாடி ஓடிட்டோம். பூட்டைத் தொட்டுப் பாத்துட்டுத் திரும்பி வந்தோம்."

ஆய்வாளர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுதிக் குடுங்க அண்ணி."

"எழுதிக் குடுத்தா என் கையெழுத்து யாருக்குத் தெரியுதோ இல்லையோ, முதலாளிக்குத் தெரியும். அப்புறம் நான் வீட்ல உக்காந்து பாத்திரம் கழுவ வேண்டியதுதான்."

"புகார் வந்தாதான் அண்ணி நான் போக முடியும். வரவுப் பிரிவு பதியணும், பரிசீலனைப் பிரிவு பாக்கணும், மூத்த ஆய்வாளர் அனுமதி குடுக்கணும். ஒவ்வொருத்தருக்கும் இத்தனை நாள்னு இருக்கு. எல்லாம் சேத்து நாப்பத்தோரு நாள்."

"எல்லாமே நீதானே?"

"நான்தான். ஆனா வேற வேற நான்."

அண்ணி சாப்பாட்டு டப்பாவை மூடிப் பையில் வைத்தார். வாசலில் ஆலை வேன் ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, "ராத்திரிக்கு மாவு இல்ல, வரும்போது வாங்கிட்டு வா," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாவு விஷயம்தான் ஆய்வாளரைப் போட்டு உலுக்கியது. இந்தப் பெண் ராத்திரிக்குத் திரும்பி வருவோம் என்று நம்பிப் போகிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தார். உண்மையாகவே அழுகை வந்தது.

6

ஒரு நிமிடம்.

இந்த இடத்தில் ஆலைக்குத் தீ வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வைத்தும் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது, புகை, கூச்சல், பூட்டைத் தட்டும் கைகள். எழுத்தாளனுக்குத் தீ வைப்பது ரொம்பச் சுலபமான வேலை, ஒரு தீக்குச்சிகூடச் செலவில்லை. என் மனைவி படித்தாள். சாயங்காலம்தான் கேட்டாள்.

"அந்த அண்ணி என்ன பாவம் பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல. கதைக்கு வேணும்."

"கதைக்கு வேணும்னுதான் அந்தக் கதவைப் பூட்டி வெச்சிருக்கியா? முதலாளி தலையணைக்காகப் பூட்டினான். நீ இதுக்காகப் பூட்டியிருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஆகவே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் தீ வராது. நீங்கள் பயப்படாமல் படிக்கலாம். ஆனால் அண்ணிக்கோ ஆய்வாளருக்கோ இது தெரியாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

7

அன்றைக்கு ஆய்வாளர் தையல்கடைக்குப் போனபோது முகம் சரியில்லை. தையல்காரர் பதிவேட்டை நீட்டாமல் ஸ்டூலை நீட்டினார். ஆய்வாளர் எல்லாவற்றையும் கொட்டினார். ஆலைக்குப் போனால் நான்கு மணிக்குத் திரும்ப முடியாது. அறிக்கை ஏறாது. அறிக்கை ஏறாவிட்டால் அலுவலகம் மூடிவிடும். மூடிய அலுவலகத்தின் ஆய்வாளர் போடும் உத்தரவு செல்லாது.

தையல்காரர் பல்லிடுக்கில் இருந்த நூலை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க போயிட்டு வாங்க மேடம். இன்னைக்கு எங்களை நாங்களே பாத்துக்கறோம். நாப்பத்தாறு கேள்விதானே. நான் போட்டு ஏத்திடறேன், சாவியக் குடுங்க."

"அது தப்புங்க."

"தப்புதான். ஆனா நான் உண்மையத்தான் எழுதுவேன். அதுல உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு நாள் பழக்கம். ஆய்வாளர் அலுவலகச் சாவியைக் கொடுத்தார். புகார் இல்லாமல் போகலாமா என்று பச்சை மைக்காரரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும்.

8

மூன்று மணிக்கு ஆலை முன்வாசலில் போய் நின்றார். மேற்பார்வையாளர் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இப்படி ஓர் அட்டையை அவர் பார்த்ததே இல்லை. உள்ளே விட்டார்.

பசை நாற்றம் மூக்கைத் துளைத்தது. மெத்தைகளுக்கு நடுவே ஓர் ஆள் போகும் அளவுக்கு வழி. தையல் இயந்திரங்களின் வரிசையில் அண்ணி குனிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார், முன்பின் தெரியாதவரைப் பார்ப்பது மாதிரி. ஆய்வாளரும் அப்படியே பார்த்துவிட்டு நடந்தார். அது இருவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பின்கதவு இரும்புக் கதவு. பூட்டு துருவேறிக் கதவோடு கதவாக ஒட்டிக்கிடந்தது.

"இதைத் தொறங்க."

"சாவி முதலாளிகிட்ட மேடம். அவர் ஊர்ல இருக்காரான்னே தெரியல."

அந்த நேரத்தில் ஆய்வாளரின் போன் அடித்தது. புள்ளிவிவரப் பிரிவு அதிகாரி. [கதையின் தொடக்கத்தில் என்னிடம் பேசியவரேதான். அவர் குரல் மட்டும்தான் எனக்குத் தெரியும், அதனால் அவரையே போட்டுக்கொண்டேன்.]

"மேடம், என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? தையல்கடையில கடும் மீறல்னு ஏறியிருக்கு. ரெண்டாவது வாயில் இல்லையாம். இத்தனை நாள் இருந்த வாயில் இன்னைக்கு எங்க போச்சு?"

ஆய்வாளருக்கு அப்போதுதான் உறைத்தது. தையல்காரர் காலையிலிருந்து கடைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர். உள்ளே போனதற்கு ஒன்று, வெளியே வந்ததற்கு ஒன்று என்று குறி போட அவருக்குத் தோன்றியிருக்காது. எண்ணிப் பார்த்து, ஒன்று என்று எழுதிவிட்டார்.

"அது சரியாத்தான் இருக்கு சார்."

"சரியா? நாளைக்குக் காலைல அமைச்சர் வர்றார். கடும் மீறல்னா ஆய்வாளர் அன்னைக்கே அந்த எடத்துல இருக்கணும்னு விதி. உடனே கடைக்குப் போயி அதைச் சரிபண்ணுங்க."

"போறேன் சார். ஆனா இப்ப வேற ஆய்வுல இருக்கேன். பாதில விட்டுட்டுப் போகக் கூடாதுன்னும் விதி."

"எப்ப முடியும்?"

"ரெண்டாவது வாயிலைக் கடந்ததும் முடிஞ்சுடும்."

"கடந்துட்டு வாங்களேன்."

"பூட்டியிருக்கு சார்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம். ஆய்வாளர் சொன்ன விதியை அவர் தேடுகிறார். அது அங்கே இருக்கிறது.

"முதலாளி நம்பரைக் குடுங்க," என்றார் அதிகாரி. "நான் பேசறேன்."

[இதை நான் திட்டமிடவில்லை. சத்தியமாக. ஆய்வாளர் தந்திரம் செய்தார் என்றும் நினைக்காதீர்கள். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.]

9

இப்போது நிலவரம் இது. ஆய்வு நடக்கும்போது இயந்திரம் ஓடக்கூடாது. மேற்பார்வையாளர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். பசை அடுப்பும் அணைந்துவிட்டது. ஆய்வாளர் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு புது மெத்தையில் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருடம் செய்த மெத்தையில் இன்றைக்குத்தான் அவர்கள் உட்கார்கிறார்கள். ஒருவர் படுத்தேவிட்டார். அண்ணியும், யார் பார்த்தால் என்ன என்று, வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

தலைமையகம் முதலாளியைப் பிடித்துவிட்டது. அவர் ஊரில்தான் இருந்திருக்கிறார். சாவிக்கொத்தோடு கதவுக்கு வெளிப்பக்கம் வந்து நிற்கிறார். அந்தப் பூட்டு உள்பக்கம் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. தலையணை மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். வெளிப் பூட்டில் ஒவ்வொரு சாவியாக நுழைத்துப் பார்க்கிற சத்தம் உள்ளே கேட்கிறது.

ஒரு முடிவு எழுதினேன். சாவி சேர்ந்தது, இரண்டு பூட்டும் திறந்தன, எல்லோரும் வெளியே வந்தார்கள்.

[மனைவி: "ஒம்பது வருஷத் துரு ஒரு சாவிக்குத் தொறக்குமா?"]

இன்னொரு முடிவு எழுதினேன். சாவி சேரவில்லை, முதலாளி கதவையே உடைத்தார்.

[மனைவி: "அவனா?"]

மூன்றாவதாக, மணி ஐந்தாகிறது, எல்லோரும் முன்வாசல் வழியாக வேனில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள், ஆய்வாளரும் சலித்துப்போய்ப் பின்னாலேயே போகிறார் என்று எழுதப் பார்த்தேன். உள்ளபடி அப்படித்தான் நடக்கும் என்று என் அனுபவம் சொல்கிறது. ஆய்வாளரை எழுப்பி நிற்க வைக்கும் வரியைத் தொடங்கினேன்.

ஆய்வாளர் மெதுவாக எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, முன்வாசலை நோக்கி

அவர் எழுந்திருக்கவில்லை. போன் விடாமல் அடிக்கிறது, எடுக்கவில்லை. அண்ணிதான் முழங்கையால் லேசாக இடித்தார்.

"போயேன். உனக்குத்தான் அங்க அவசரமாமே. முன்னாடி தொறந்துதானே கெடக்கு."

"நீங்க எல்லாரும் இந்தப் பின்கதவு வழியாப் போங்க அண்ணி. பாத்துட்டு நான் கடைசியா வரேன்."

"தொறக்கலேன்னா?"

"இருக்கேன்."

"நாளைக்கும் தொறக்கலேன்னா?"

"நாளைக்கும் நீங்க இங்கதானே வேலைக்கு வருவீங்க."

அண்ணி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மீதியிருந்ததை நாத்தனார் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் இதற்குமேல் எழுத முடியாது. அதே வரியைத் தொடங்கி மூன்று தடவை அவரை எழுப்பப் பார்த்துவிட்டேன். வெளியே இன்னொரு சாவி நுழைகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. முன்வாசல் திறந்திருக்கிறது, யாரும் தடுக்கவில்லை, பஸ்ஸும் இருக்கிறது. உங்களால் முடிந்தால் நீங்கள் போய் அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.